செல்லாக் காசு, செல்லும் சொல்

இங்கிலாந்தின் சந்தைகளிலும் மதுக்கடைகளிலும் ஆட்டுக்கிடைகளிலும் பேசி மறைந்த, பெயர் தெரியாத பெரியவர்களுக்கு,

தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒருவர் எழுதும் மடல் இது. நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. உங்கள் பேச்சை இன்றும் பேசிக்கொண்டிருக்கும் உங்கள் வழிவந்தவர்களுக்கும் தமிழ் தெரியாது. அதனால் என் மொழிக்காரர்களைச் சாட்சி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பட்ட கடனை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூட ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் மரபுத்தொடர்களின் பட்டியல் ஒன்று தவறாமல் இருக்கும். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். ‘பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்’ என்றால் சின்னச் செலவில் கஞ்சத்தனம், பெரிய செலவில் ஊதாரித்தனம். ‘எ பேட் பென்னி’ என்றால் போ போ என்றாலும் திரும்பி வந்து நிற்கும் ஆள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தப் பென்னி எதனால் ஆனது, எவ்வளவு வாங்கும், யார் மடியில் இருந்தது என்று பட்டியல் சொல்லாது. காசைப் பற்றி நீங்கள் சொன்னவற்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பின்னாலும் போய்ப் பார்த்தேன். அரசர்களின் வரலாற்றிலும் கவர்னர்களின் கடிதங்களிலும் கிடைக்காத ஓர் இங்கிலாந்து அங்கே இருந்தது. கூலியாட்களும் இடையர்களும் கடைக்காரிகளும் பட்டாளத்துக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் நிறைந்த இங்கிலாந்து. எங்கள் நாட்டை ஆண்டவர்களை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, ஆளப்பட்ட உங்களையும் காட்டியது உங்கள் சொலவடைதான். நன்றி அதற்குத்தான்.

உங்கள் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஆதியில் ஒரு பவுண்டு எடை வெள்ளியை 240 காசாக அடித்ததால் எடையின் பெயரே பணத்தின் பெயராக நின்றுவிட்டது. பென்னிக்குக் கீழே அரைப் பென்னி, அதற்கும் கீழே கால் பென்னியாகிய ஃபார்திங். சில்லறை போதாத காலத்தில் வெள்ளிப் பென்னியின் பின்பக்கத்தில் இருந்த சிலுவைக் கோட்டை ஒட்டி இரண்டாகவும் நான்காகவும் வெட்டிக் கொடுத்து வாங்கினீர்கள். 1279ஐ ஒட்டி முதலாம் எட்வர்டு அரைக்கும் காலுக்கும் வட்டக் காசு அடித்த பிறகுதான் அந்த வெட்டுவேலை குறைந்தது. அணாவையும் காலணாவையும் தம்பிடியையும் எண்ணி வளர்ந்த எங்கள் பாட்டிமாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த 240 என்ற எண் மனதில் ஏறிய பிறகுதான் ‘பென்னி வைஸ்’ என்ற சொலவடையின் காரம் தெரிகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது அச்சில் வந்துவிட்டது. ஒன்றைக் காப்பாற்றி இருநூற்று நாற்பதைக் கோட்டைவிடுகிறவனைப் பற்றிய பேச்சு அது. கடுகு போன இடம் ஆராய்ந்து, பூசணிக்காய் போன இடம் தெரியாமல் இருப்பவனை நாங்களும் அறிவோம். ஆனால் நீங்கள் அதற்கு எதிரானதையும் விடாமல் சொன்னீர்கள். பென்னிகளைக் கவனித்துக்கொண்டால் பவுண்டுகள் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளும் என்ற பேச்சைக் கருவூலச் செயலராக இருந்த வில்லியம் லௌண்ட்ஸ் அடிக்கடி சொல்வார் என்று செஸ்டர்ஃபீல்டு பிரபு தம் மகனுக்கு எழுதிய கடிதங்களில் குறிப்பிடுகிறார். நூறாண்டு கழித்து, 1865இல், லூயிஸ் கரோல் தம் ஆலிஸ் கதையில் வரும் சீமாட்டியின் வாயில் அதே வாக்கியத்தைச் சற்றே திருகி வைத்தார். பென்னியும் பவுண்டும் போன இடத்தில் பொருளும் ஒலியும் வந்து உட்கார்ந்தன. படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மூலம் எல்லோர் நாவிலும் இருந்திருக்காவிட்டால் அந்தச் சிரிப்பு பிறந்திருக்காது.

ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பேச்சையும் ஒரே வீட்டில் வைத்துப் புழங்கினீர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கஞ்சனுக்கு ஒன்று, ஊதாரிக்கு ஒன்று. யாருக்கு எது தேவையோ அதை எடுத்துக் கொடுத்தீர்கள். ‘இன் ஃபார் எ பென்னி, இன் ஃபார் எ பவுண்ட்’ என்று மூன்றாவதாக ஒன்றும் வைத்திருந்தீர்கள். இறங்கியது இறங்கிவிட்டோம், முழுதாகவே இறங்குவோம் என்ற துணிச்சல் அது.

‘எ பென்னி ஃபார் யுவர் தாட்ஸ்.’ யோசனையில் ஆழ்ந்து பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் நீங்கள் கேட்டது. இன்று ஒரு பென்னிக்கு எதுவும் வராது. அதனால் மலிவான கேள்வி போலத் தோன்றும். ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இருக்கிறது. அப்போது தென் இங்கிலாந்தில் கட்டட வேலைக்குப் போகும் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 பென்னி கிடைத்தது. அப்படியானால் கால் நாள் உழைப்பை நீட்டி, ‘உன் மனதில் ஓடுவதைச் சொல்’ என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் நிஜமாகக் காசை எடுத்துக் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் பக்கத்தில் இருப்பவரின் நினைப்புக்கு ஒரு விலை சொல்லத் தோன்றியபோது உங்களில் யாரும் ஃபார்திங் என்று சொல்லவில்லை. எனக்கு இந்தத் தொடர் இப்போது மரியாதையாகக் கேட்கிறது. வகுப்பில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

அடுத்து, அரைப் பென்னித் தார். அரைக் காசுத் தாருக்குக் கணக்குப் பார்த்துக் கப்பலைக் கெடுக்காதே என்பார்கள். எங்கள் பாடப்புத்தகங்களில்கூடப் பக்கத்தில் ஒரு கப்பல் படம் இருக்கும். உங்களுக்குத் தெரியும், அது கப்பல் இல்லை, ஆடு. இங்கிலாந்தின் பல வட்டாரங்களில் ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ என்ற சொல் ‘ஷிப்’ என்றே ஒலித்தது. ஆட்டின் மேல் சிறு கீறல் விழுந்தாலும் ஈ வந்து முட்டையிடும், புழு வைக்கும், ஆடு சாகும். புண்ணின் மேல் கொஞ்சம் தாரைப் பூசிவிட்டால் ஈ அண்டாது. அந்தத் தார் அரைப் பென்னிக்குக் கிடைத்தது. வெர்ஜீனியாவில் குடியேற்றம் நடத்திய கேப்டன் ஜான் ஸ்மித் 1631இல் எழுதிய நூலில், அரைப் பென்னித் தாருக்குச் செலவழிக்க மனமில்லாமல் பத்து ஆடுகளை இழப்பது என்று தெளிவாகவே வருகிறது. அப்புறம் பேச்சு கிடையை விட்டுத் துறைமுகத்துக்கு நகர்ந்தது. மரக்கப்பலின் இடுக்குகளை அடைக்கவும் தார் வேண்டும் என்பதால் அர்த்தம் குலையவில்லை.

ஆட்டுப் புண்ணில் வேப்பெண்ணெய் தடவுகிற எங்கள் கீதாரியிடம் இதைச் சொல்ல விளக்கவுரையே வேண்டாம். மழைக்காலத்தில், இருட்டில், குளம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புண்ணைத் தேடிய ஏதோ ஓர் இடையர்தான் இதை முதலில் சொல்லியிருப்பார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இனிப் பொய்க்காசு. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் உங்கள் பேச்சில் பாதி, ஏமாந்துவிடக் கூடாது என்ற பயத்தில் பிறந்தது. ஒரு மனிதர் சொல்வது ‘ரிங்ஸ் ட்ரூ’ என்கிறீர்கள். காசைக் கல்லின்மேல் போட்டு அதன் ஓசையைக் கேட்ட காதுகள் கொடுத்த தொடர் அது. நல்ல வெள்ளி கணீரென்று நீண்டு ஒலிக்கும். ஈயம் கலந்தது மொட்டையாக நின்றுபோகும். எங்கள் கடைத்தெருவில் காசைச் சுண்டிப் பார்ப்பார்கள். முறைகள் வேறு, காதுகள் ஒன்றுதான்.

‘பேட் பென்னி’க்கும் ஊர் பெயர் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் லக்ஸம்பர்க் பக்கமிருந்து வெள்ளி குறைந்த போலிப் பென்னிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. லஷ்பர்க் காசு என்று அதற்குப் பெயர் வைத்தீர்கள். மூன்றாம் எட்வர்டின் 1351ஆம் ஆண்டு ராஜத்துரோகச் சட்டம் அந்தக் காசைப் பெயர் சொல்லியே தடுக்கிறது, தெரிந்தே கொண்டுவருவது துரோகக் குற்றம் என்கிறது. அதே நூற்றாண்டில் கவிஞர் வில்லியம் லாங்லண்ட், பேருக்குப் பக்தி காட்டும் மனிதர்களை இந்தக் காசோடு ஒப்பிட்டார். மேலே முத்திரை சரியாக இருக்கிறது, உள்ளே உலோகம் கெட்டிருக்கிறது என்பது அவர் வழக்கு. ஏமாந்தவர் அதை அடுத்தவர் தலையில் கட்டினார், அவர் அதற்கடுத்தவர் தலையில் கட்டினார், கடைசியில் சந்தையைச் சுற்றிவிட்டு முதல் ஆளிடமே வந்து சேர்ந்தது. வேண்டாதவன் பொய்க்காசு போலத் திரும்பி வருகிறான் என்ற உங்கள் பேச்சு அந்த அனுபவத்தின் சுருக்கம்.

ஏமாற்றியது வெளியூர்க்காரர் மட்டும் இல்லை. எட்டாம் ஹென்றி 1544 முதல் வெள்ளிக் காசில் செம்பை ஏற்றிக்கொண்டே போனார். காசின்மேல் அவருடைய முகம் நேராகப் பார்த்தபடி இருக்கும். மூக்கு துருத்திக்கொண்டிருந்ததால் அங்கேதான் முதலில் வெள்ளி தேய்ந்து செம்பு வெளித்தெரிந்தது. ‘செம்பு மூக்கர்’ என்று அரசருக்கே பட்டப்பெயர் வைத்துவிட்டீர்கள். தலைகள் சுலபமாக உருண்ட காலம் அது. பழமொழிகளைத் தொகுத்த அதே ஹேவுட் அந்தச் சிவந்த காசைப் பற்றிக் குறும்பாகக் கவிதையும் எழுதினார். கெட்ட காசு நல்ல காசை விரட்டிவிடும் என்ற விதிக்கு, எலிசபெத் அரசியின் காலத்துப் பணவியலாளர் தாமஸ் கிரெஷாமின் பெயரை 1858இல் ஹென்றி டன்னிங் மக்லியோட் சூட்டினார். ஆனால் எடை கூடிய காசைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தேய்ந்த காசைக் கடைக்குக் கொடுத்தனுப்பிய உங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த விதி அதற்கு வெகு முன்பே தெரியும்.

காசின் விளிம்பைக் கத்தரித்து வெள்ளி திருடுவது இன்னொரு கொடுமை. அதைத் தடுக்கத்தான் 1662 முதல் இயந்திரத்தில் அடித்த பெரிய காசுகளின் விளிம்பில் ‘அழகும் காவலும்’ என்ற பொருளில் லத்தீன் எழுத்துகளைப் பொறித்தார்கள். 1696இல் பழைய காசுகளை எல்லாம் உருக்கிப் புதிதாக அடித்தபோது நாணயச்சாலைக்குக் காவலராக வந்தவர் ஐசக் நியூட்டன். அவர் துரத்திப் பிடித்த போலிக்காசுக்காரர் வில்லியம் சலோனர் 1699இல் தூக்கிலிடப்பட்டார். பெண்களுக்கு இந்தக் குற்றத்துக்கு எரிப்புத் தண்டனை. 1789இல் லண்டனில் கேத்தரின் மர்ஃபி என்ற பெண்ணைக் கழுத்தை இறுக்கிக் கொன்று பிறகு எரித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தண்டனை ஒழிந்தது. ஒரு பேச்சின் நேர்மையைக் காசின் ஓசையோடு நீங்கள் சேர்த்துச் சொல்லும்போது அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய பயம் இருந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

சில தொடர்களின் கதை சிறியது. 1851இல் ஹைடு பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பொறியாளர் கட்டணக் கழிப்பறைகளை வைத்தார். 8,27,280 பேர் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்து உள்ளே போனார்கள். பிற்காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவுகளிலும் பென்னி போட்டால்தான் திறக்கும் பூட்டு வந்தது. ஆண்கள் நின்று போகும் இடத்துக்குப் பெரும்பாலும் காசு கிடையாது, அதனால் ‘ஒரு பென்னி செலவழித்துவிட்டு வருகிறேன்’ என்பது பெண்கள் பேச்சாகவே அதிகம் புழங்கியது. ‘தி பென்னி ட்ராப்ட்’ என்பது காசு போட்டால் இயங்கும் இயந்திரங்கள் தந்தது. போட்ட காசு உள்ளே எங்கோ சிக்கி நின்று, பிறகு ‘டக்’கென்று விழுந்ததும் இயந்திரம் அசையும். எங்களுக்கு ‘உறைப்பது’ உங்களுக்கு ‘விழுகிறது’. காகித நாடகமேடைகளுக்கு அச்சிட்ட படங்கள் வெறும் கோட்டில் ஒரு பென்னி, வண்ணம் பூசினால் இரண்டு பென்னி. அந்த விலைப்பட்டியலே ஒரு தொடராகி, ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 1884ஆம் ஆண்டுக் கட்டுரைக்குத் தலைப்பும் ஆயிற்று.

ஷில்லிங் அப்படி இல்லை. அதன் தொடர்களில் வலி இருக்கிறது. ‘அரசரின் ஷில்லிங்கை வாங்கிவிட்டான்’ என்றால் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்று பொருள். ஆள்பிடிக்கும் சார்ஜண்ட் மதுக்கடையில் உட்கார்ந்து, குடிக்க வாங்கிக்கொடுத்து, கையில் ஒரு ஷில்லிங்கை வைத்துவிடுவார். தொட்டவன் சிப்பாய். மறுநாள் போதை தெளிந்து மனம் மாறினால் நான்கு நாளுக்குள் நீதிபதியிடம் சொல்லி விலகச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதோடு 20 ஷில்லிங் அபராதமும் கட்ட வேண்டும். ஒரு ஷில்லிங்குக்கு ஆசைப்பட்ட பையனிடம் ஒரு பவுண்டு எங்கே இருக்கும்? அவனுக்காக அந்த 20 ஷில்லிங்கைத் திரட்ட அக்கம்பக்கத்தில் கையேந்திய தாய்மார்களை நினைத்துக்கொள்கிறேன். 1879இல் அந்த வழக்கம் நின்றது. எங்கள் மண்ணில் துப்பாக்கியோடு வந்து இறங்கிய சிவப்புச் சட்டைகளுக்குள்ளும் அப்படி ஷில்லிங் வாங்கியவர்கள் இருந்தார்கள். இதை எனக்கு வரலாற்றுப் புத்தகத்துக்கு முன்னால் உங்கள் தொடர்தான் சொன்னது.

‘ஒரு ஷில்லிங்கோடு அறுத்துவிட்டார்’ என்று இன்னொன்று. உயிலில் பிள்ளைக்கு எதுவுமே எழுதாவிட்டால், தகப்பன் மறந்துவிட்டான் என்று சொல்லி வழக்குப் போட முடியும் என்று நம்பினீர்கள். மறக்கவில்லை என்று காட்ட ஒரு ஷில்லிங் எழுதிவைத்தார்கள். அப்படி ஒரு சட்டம் இங்கிலாந்தில் இல்லை, ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த மயக்கம் அது என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் தம் சட்ட விளக்கத்தில் எழுதினார். எழுதி என்ன? உயில்களில் ஷில்லிங் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது.

தேவாலயத்தில் நீங்கள் கேட்டவையும் காசாகவே உங்கள் பேச்சில் தங்கின. ஏழைக் கைம்பெண் உண்டியலில் போட்ட சிறு காசுகளுக்கு வில்லியம் டிண்டேல் 1526இல் தம் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் ‘மைட்’ என்று எழுதினார். ஃபிளாண்டர்ஸ் நாட்டில் புழங்கிய மிகச் சிறிய காசு அது. எருசலேமின் காசைத் தம் மக்களுக்குப் புரியவைக்க, கடல் தாண்டி வந்த ஓர் அண்டை நாட்டுக் காசை எடுத்தார். ‘விடோஸ் மைட்’ என்று இன்றும் சொல்கிறீர்கள். எங்கள் பழைய தமிழ் விவிலியம் அதே இடத்தில் காசு என்றும் துட்டு என்றும் சொல்கிறது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கடை விரித்த டச்சுக்காரர்களின் செப்புக் காசுதான் துட்டு. அதே காசை நீங்களும் ‘டாய்ட்’ என்று எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாததை ‘ஒரு டாய்ட் பெறாது’ என்றீர்கள். ஏழையின் காணிக்கையைச் சொல்ல இரண்டு மொழிக்காரர்களும் அதே தாழ்நிலக் கரையோரத்துச் சில்லறையைத் தேடிப் போயிருக்கிறோம். இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. ‘டேலண்ட்’ என்ற சொல்லும் விவிலியத்தின் உவமையில் வரும் வெள்ளி எடைதான். எங்களுக்கு அது தாலந்து. மனிதரின் திறமையைக் கடவுள் ஒப்படைத்த பணமாகப் பார்க்கும் பார்வை அந்த உவமையிலிருந்து வந்தது.

இவற்றையெல்லாம் மறையவிடாமல் எழுதிவைத்தவர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. ஹேவுட்டைச் சொன்னேன். கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் சேர்த்துவைத்தது அவர் இறந்தபின் 1640இல் வந்தது. மிச்சம்பிடித்த பென்னி இருமுறை சம்பாதித்த பென்னி என்ற கருத்து அதில் இருக்கிறது. பலரும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயரில் சொல்லும் பேச்சுக்கு அது மூத்தது. 1670இல் பழமொழிகளைத் தொகுத்த ஜான் ரே, செடிகொடிகளை வகைப்படுத்திய பெரும் தாவரவியலாளர். வயலில் நடந்தவர் காதையும் திறந்துவைத்திருந்தார். அப்புறம் ஆக்ஸ்போர்டு அகராதிக்காக ஜேம்ஸ் மர்ரே 1879இல் விடுத்த வேண்டுகோளை ஏற்று, படித்த நூல்களிலிருந்தெல்லாம் சொல்லையும் ஆண்டையும் துண்டுச் சீட்டில் எழுதி அஞ்சலில் அனுப்பிய எண்ணற்ற தன்னார்வலர்கள். கூலி வாங்காமல் செய்தார்கள். 1884இல் முதல் பகுதி வந்தது, 1928இல் முடிந்தது. இந்த மடலில் நான் துணிந்து எழுதியிருக்கும் ஆண்டுகள் பல, அந்தச் சீட்டுகளின் வழியாக எனக்கு வந்தவை.

1971 பிப்ரவரி 15 அன்று 240 பென்னிக் கணக்கு முடிந்தது. பவுண்டுக்கு 100 என்றானது. ஷில்லிங் என்ற அலகே கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது, பழைய பென்னி அந்த ஆண்டே செல்லாததாயிற்று. ஃபார்திங் அதற்குப் பத்தாண்டு முன்பே போய்விட்டது. நாங்கள் அணாவை 1957இல் விட்டோம், ஆனாலும் நாலணா, எட்டணா என்று சொல்வதை விடவில்லை. நீங்களும் அப்படித்தான். ஷில்லிங்கைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் இன்று அதோடு அறுத்துவிடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். அரசாங்கம் திரும்பப் பெற முடிந்தது உலோகத்தை மட்டும்தான்.

கடைசியாக, எங்கள் காசைப் பற்றி உங்களிடம் இருக்கும் ஒரு தொடர். ‘பகோடா மரத்தை உலுக்குவது.’ தென்னிந்தியாவில் வராகன் என்று நாங்கள் சொன்ன பொன் நாணயத்தை நீங்கள் பகோடா என்றீர்கள். சென்னையில் அடித்த வராகனில் ஒரு பக்கம் தெய்வ உருவம், மறுபக்கம் நட்சத்திரம். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் ரூபாய்க்கு மாறும்வரை சென்னை மாகாணத்தின் கணக்கு அதுதான். இந்தியாவுக்குப் போய் மரத்தை உலுக்கினால் பொன் கொட்டும், அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்பது அந்தத் தொடரின் பொருள். உலுக்கினவர்கள் யார் என்பது பதிவில் இருக்கிறது. சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் ஆற்காடு நவாபுக்குக் கொடும் வட்டிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரியையே எழுதி வாங்கினார்கள். பால் பென்ஃபீல்டு அவர்களில் பெயர் பெற்றவர். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் அந்தக் கடன்களைப் பற்றி ஆற்றிய உரை அவரை விட்டுவைக்கவில்லை. மரத்திலிருந்து உதிர்ந்தது வயலில் விளைந்த நெல், நெல்லில் விழுந்த வரி.

ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்ஸன்–ஜாப்ஸன்’ அகராதி இந்தத் தொடரைப் பதிவு செய்திருக்கிறது, இது இந்தியாவில் இருந்ததைவிட இங்கிலாந்தில்தான் அதிகம் புழங்கியது என்றும் சொல்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரசுவதி மகால் ஏடுகளுக்கு அட்டவணை செய்தவர். அந்த அகராதியில் எங்கள் காசும் இருக்கிறது, ‘கேஷ்’ என்ற உங்கள் உச்சரிப்பில். பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் 1808இல் எங்களுக்கென்று அடித்த செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளைப் பத்து லட்சத்துக்கும் மேலாக எடுத்தார்கள். காஞ்சிபுரத்திலோ கும்பகோணத்திலோ வெற்றிலைக் கடையில் புழங்கியிருக்க வேண்டியவை இப்போது உங்கள் ஊர்ச் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன.

பகோடா மரத்துக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். தயக்கமில்லாமல் சொல்கிறேன். நடந்ததை நீங்கள் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே வைத்துவிட்டுப் போனீர்கள். கம்பெனியின் கணக்குப் புத்தகங்கள் அதை வட்டி என்றும் சம்பளம் என்றும் வெகுமதி என்றும் எழுதின. ஊரில் இருந்த நீங்கள், கறுத்த முகத்தோடும் கனத்த பெட்டியோடும் திரும்பி வந்தவனைப் பார்த்து, மரத்தை உலுக்கிவிட்டு வந்திருக்கிறான் என்றீர்கள். உழைத்து வந்திருக்கிறான் என்று சொல்லவில்லை.

உங்கள் வழிவந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அந்தத் தொடர் இப்போது பெரிய அகராதிகளில் மட்டும் இருக்கிறது. உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘பென்னி வைஸ்’ சொல்லிக்கொடுக்கும் அதே பக்கத்தில், ஆட்டுக்குப் பூசிய தாருக்குப் பக்கத்தில், சார்ஜண்டின் ஷில்லிங்குக்குக் கீழே, பகோடா மரத்தையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சேர்த்துவிட்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியர்